ரெஃப்ரெஷ் செய்தால் பக்கம் ஏன் உச்சிக்கு ஓடுகிறது?



லாகின் செய்து ஒரு நீளமான பட்டியலைப் பார்க்கிறோம். நூறாவது வரிக்கு வந்தபின் ரெஃப்ரெஷ் அழுத்தினால், பக்கம் மறுபடி முதல் வரியில் போய் நிற்கிறது. நமக்கு இது சின்ன எரிச்சல், மறுபடி கீழே தள்ளிக்கொள்வோம். எல்லோருக்கும் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் யாருக்கு ஆன்லைன் விண்ணப்பம் என்றாலும் "தம்பி, கொஞ்சம் பாத்துக் குடுப்பா" என்று என்னிடம்தான் வருவார்கள். பக்கம் உச்சிக்குப் போனதும் "எல்லாம் அழிஞ்சு போச்சே" என்று பயந்து, பாதியில் போனை மூடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"எச்டிடிபிஎஸ் பக்கம் என்றால் அப்படித்தான்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். எச்டிடிபிஎஸ் 1994-ல் நெட்ஸ்கேப் கொண்டு வந்தது. பிரவுசருக்கும் செர்வருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்புவதுதான் அதன் வேலை. நாம் எவ்வளவு கீழே உருட்டியிருக்கிறோம் என்பதோ, பிரவுசர் தன் ஹிஸ்டரியில் தானே குறித்து வைக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பூட்டு தொடுவதே இல்லை. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் செர்வரின் உத்தரவு. ரகசியமான பக்கங்களுடன் 'கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்' என்ற வரியும் வரும். இதை எங்கும் சேமிக்காதே என்று பொருள். ஃபயர்பாக்ஸ் இந்த வரியைக் கண்டால் படிவத்தில் தட்டியதையும் உருட்டிய இடத்தையும் சேர்த்தே விட்டுவிடும். அதன் பழைய பதிப்புகளில் எச்டிடிபிஎஸ் பக்கத்துக்கு 'நோ-கேஷ்' என்று வந்தாலே போதும், இதே கதைதான். பூட்டின் மேல் பழி விழுந்தது இதனால்தான் என்பது என் எண்ணம். சரி, நோ-ஸ்டோரை எடுத்துவிடலாமா? கூடவே கூடாது. பிரவுசிங் சென்டரில் நமக்குப் பின் உட்காருபவர் நம் விவரத்தைப் பார்க்காமல் இருக்க அது வேண்டும்.

அடுத்தது, நடைமுறையில் அதிகம் நடப்பது. பிரவுசர் எண்ணை மறக்கவில்லை, ஆனால் பக்கம் இன்னும் அந்த உயரத்துக்கு வளரவில்லை! லாகின் பக்கங்களில் முதலில் காலி அட்டவணை வரும், பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் விவரங்களைக் கொண்டு வந்து நிரப்பும். 4000 பிக்சல் கீழே நிற்க வேண்டும், பக்கமோ 700 பிக்சல்தான் இருக்கிறது என்றால் எங்கே போய் நிற்பது? உயரம் குறிப்பிடாத படங்களாலும் இதே தொல்லை வரும்.

மூன்றாவது, யாராவது வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருப்பது. எஃப்12 அழுத்தி, கன்சோலில் 'ஹிஸ்டரி.ஸ்க்ரோல்ரெஸ்டோரேஷன்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள் (ஸ்க்ரோலின் முதல் எழுத்து சிறியது, ரெஸ்டோரேஷனின் முதல் எழுத்து பெரியது). 'ஆட்டோ' என்று வந்தால் பொறுப்பு பிரவுசருடையது. 'மேனுவல்' என்றால் ஏதோ ஒரு புரோகிராம் அந்தப் பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டு, அதன்பின் எதுவும் செய்யவில்லை. இந்த வசதி குரோமில் 2015-லும் ஃபயர்பாக்ஸில் 2016-லும் வந்தது. அதே எஃப்12 பெட்டியில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் நோ-ஸ்டோர் வந்திருக்கிறதா என்றும் தெரியும். அங்கேயே இணைய வேகத்தைக் குறைத்து வைத்து ரெஃப்ரெஷ் செய்தால், அட்டவணை தாமதமாக நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம்.

புராஜெக்ட் செய்கிற நாம் இதைச் சரிசெய்வது எப்படி? பக்கத்தை விட்டுப் போகும்போது, அதாவது 'பேஜ்ஹைட்' நிகழ்வில், இடத்தை செஷன் ஸ்டோரேஜில் குறித்துக்கொள்ள வேண்டும். ரெஃப்ரெஷுக்குப் பிறகும் அது இருக்கும், டேப்பை மூடினால் போய்விடும். திரும்பப் போய் நிற்கும் வேலையை அட்டவணை நிரம்பிய பிறகுதான் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் பழைய குறைதான் திரும்பி வரும். எச்டிடிபி முகவரியில் குறித்தது எச்டிடிபிஎஸ் முகவரியில் கிடைக்காது, இரண்டும் பிரவுசருக்குத் தனித்தனி வீடு.

என்ன குறித்து வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பலரும் பிக்சல் எண்ணை வைப்பார்கள். விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தரும் பக்கம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ரெஃப்ரெஷ் செய்யும் அந்த நொடியில் மேலே மூன்று புதிய விண்ணப்பங்கள் சேர்ந்துவிட்டன. பிக்சல் அதேதான், ஆனால் அங்கே இப்போது நிற்பது வேறு ஒருவருடைய வரி. முன்பு பார்த்த இடம்தானே என்று பட்டனைத் தட்டினால், ஒருவருக்குப் போக வேண்டியது இன்னொருவருக்குப் போய்விடும். உச்சிக்கு ஓடுகிற பக்கத்தைவிட இது ஆபத்து, ஏனென்றால் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆகவே வரிக்கு ஒரு ஐடி கொடுத்து, அந்த ஐடியைக் குறித்து வைத்து, 'ஸ்க்ரோல்இன்ட்டுவியூ' கொண்டு அந்த வரியையே திரும்பக் காட்டுவது நல்லது. ஐடியாக ஆதார் எண்ணையோ போன் நம்பரையோ வைத்துவிடாதீர்கள், வெறும் வரிசை எண் போதும். அந்த வரி பட்டியலிலிருந்து நீங்கியிருந்தால் உச்சியிலேயே நின்று, "பட்டியல் மாறியுள்ளது, நீங்கள் நிரப்பியது பத்திரமாக உள்ளது" என்று தமிழில் ஒரு வரி காட்டலாம். ஆனால் நிரப்பியது உண்மையிலேயே செர்வரில் ஏறியிருந்தால் மட்டும்தான் அந்த இரண்டாம் பாதியைக் காட்ட வேண்டும்.