‘முடியே கொட்டாது’ என்று வாங்கிய சடை நாய்... ஏழாவது மாதத்தில் சிக்கு விழுவது ஏன்?

தரையில் ஒரு முடிகூட இல்லை. சோபாவிலும் இல்லை. ஆனால், நாய்க்குட்டியின் காதுக்குப் பின்னால் கை வைத்தால் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது. உண்ணியோ, கட்டியோ என்று பதறிப்போய் விலக்கிப் பார்த்தால், அது முடி. இறுகிப்போன சிக்கு. நேற்று வரை பஞ்சுப்பொதி மாதிரி இருந்த குட்டிக்குத் திடீரென என்ன ஆனது?

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி என்று சிறுநகர வீடுகளிலும் இன்று பூடுல் கிராஸ், ஷிட்சூ கிராஸ் குட்டிகளைப் பார்க்க முடிகிறது. ஊர்க்காரர்கள் மொழியில் ‘சடை நாய்’. விற்பவர்கள் சொல்லும் முதல் வாக்குறுதி, ‘முடி கொட்டாதுங்க’ என்பதுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால் அவதிப்படுவது நாய்!

கொட்டும்... ஆனால் கீழே விழாது!

ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என நம்மூர் நாய்கள் எல்லாமே குட்டை முடிக்காரர்கள். பழைய முடி உதிரும், காற்றில் போகும், விளக்குமாற்றோடு வாசலுக்குப் போய்விடும். அதனால்தான், ‘நாய்க்கு எதுக்குச் சீப்பு?’ என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்த நாய்களுக்கு அது நியாயமான கேள்வி.

சுருட்டை முடி நாயின் கதை வேறு. இவற்றின் முடி நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்வது குறைவு. அப்படி உதிரும் முடியும் தரைக்கு வருவதில்லை. பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. அதை எடுக்க விளக்குமாறு உதவாது, சீப்புதான் வேண்டும்.

ஆறாம் மாதம் முதல் என்ன நடக்கிறது?

பிறந்த குட்டிக்கு இருப்பது மெல்லிய, பட்டு போன்ற முடி. சுமார் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் அது போய், தடிமனான, சுருள் கூடிய முடி முளைக்கத் தொடங்குகிறது. சில நாய்களுக்கு இந்த மாற்றம் சில வாரங்களில் முடியும். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் நீளும்.

சிக்கல் இங்கேதான். பழைய முடி வேரை விட்டுக் கழன்றிருக்கும். புதிய முடி அதற்குள் புகுந்து வளர்ந்துகொண்டிருக்கும். இரண்டும் பின்னிக்கொள்வதால், முன்பு வாரம் ஒருமுறை சீவினாலே போதும் என்றிருந்த நாய்க்கு, இப்போது இரண்டே நாளில் சிக்கு விழுகிறது.

நிறமும் மாறலாம். பூடுல் கலப்பில் கறுப்புக் குட்டி மெள்ள மெள்ளச் சாம்பல் நிறமாவதும், பழுப்புக் குட்டி வெளிறிப்போவதும் இயல்பு. ‘சத்துக் குறைவோ’ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஒரே ஈற்றில் மூன்று குட்டி, மூன்று மாதிரி!

‘அண்ணன் வீட்டுக் குட்டிக்குச் சிக்கே இல்லை, அதே ஈற்றில் வாங்கிய எங்கள் குட்டிக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்வி பலருக்கும் வரும். 2009-ம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதற்கு விடை சொன்னது. 80 இனங்களைச் சேர்ந்த 1,000-க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்ததில், முடியின் பெரும்பாலான வகைகளுக்கு மூன்றே மூன்று மரபணுக்கள் காரணம் என்று தெரிந்தது. ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, இன்னொன்று மீசை, புருவம் போல முகத்தில் வளரும் முடிக்கு. கலப்பினக் குட்டிகளில் இவை எந்தச் சேர்க்கையில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

உலகெங்கும் சுருட்டை முடிக் கலப்பினங்களின் மோகத்தைத் தொடங்கிவைத்த கதையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமைப்பில் பணியாற்றிய வாலி கான்ரன், ஹவாயில் வசித்த ஒரு பெண்ணுக்காக 1980-களின் இறுதியில் லாப்ரடாரையும் பூடுலையும் இணைத்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் முடி என்றால் ஒவ்வாமை. பிறந்தவை மூன்று குட்டிகள். மூன்றின் முடியையும் உமிழ்நீரையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், ஒரே ஒரு குட்டிதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. அதன் பெயர் சுல்தான். ‘லாப்ரடூடுல்’ என்ற பெயர் பிரபலமாகி, கண்டவர்களும் கண்டபடி இனக்கலப்பு செய்யத் தொடங்கியதைப் பார்த்து, பிற்காலத்தில் கான்ரனே வெளிப்படையாக வருந்தினார்.

ஒவ்வாமை பற்றியும் ஒரு வார்த்தை. நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி அல்ல. நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம். 2012-ல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், ‘ஒவ்வாமை தராதவை’ என்று விற்கப்படும் இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், விற்பவரின் பேச்சை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

சிக்கை விட்டுவைத்தால்?

‘சிக்குதானே’ என்று விடுவதில்தான் ஆபத்து. இறுகிய சிக்கு ஒவ்வோர் அசைவிலும் தோலை இழுக்கும். இறுக்கிப் பின்னிய சடையோடு நாள்முழுக்க இருப்பது போன்ற வலி அது. காற்றுப் புகாத தோல் சிவந்து புண்ணாகும். ஈ முட்டையிட்டால் புழு வைக்கும். மேலே பஞ்சாகத் தெரிவதால் உள்ளே நடப்பது யார் கண்ணிலும் படாது.

புதுக்கோட்டை மண்ணுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. செம்மண் தூசி சுருளுக்குள் படிந்துவிடும். தரிசுப் பக்கம் ஓடிவிட்டு வந்தால் நாயுருவி விதையும் நெருஞ்சி முள்ளும் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு சிக்குக்கு ஆரம்பமாகும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மணலும் உப்பும் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த முடி வேர்வரை காயாமல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக உண்ணி. அடர்ந்த சுருளுக்குள் அது ஒளிந்துகொண்டால், உண்ணிக் காய்ச்சல் வந்த பிறகுதான் தெரியவரும்.

சீவுவது எப்படி?

* இரண்டு பொருள்கள் போதும்: வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ், பல் இடைவெளி உள்ள ஸ்டீல் சீப்பு.

* குட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வகிடு எடுப்பதுபோல முடியைப் பிரியுங்கள். தோல் தெரிய வேண்டும். அங்கிருந்து நுனி நோக்கி, வரிசை வரிசையாகச் சீவுங்கள். மேலாக மட்டும் சீவுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு.

* பிரஷ் முடிந்ததும் சீப்பைத் தோலிலிருந்து நுனிவரை ஓட்டிப்பாருங்கள். தடங்கல் இல்லாமல் ஓடினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

* காதின் பின்புறம், முன்னங்கால் அக்குள், கழுத்துப்பட்டி உரசும் இடம், தொடை இடுக்கு, வாலடி, விரல் இடுக்கு. சிக்கு முதலில் விழும் ஆறு இடங்கள் இவை.

* சிக்கு இருந்தால், அதன் அடிப்பகுதியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரியுங்கள். பிடித்துக்கொள்வதால் தோல் இழுபடாது. கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். சிக்கோடு தோலும் எழும்பி நிற்பதால் சதை வெட்டுப்படும்.

* சீவிய பிறகே குளியல். சிக்கோடு நனைத்தால் இன்னும் இறுகும். குளிப்பாட்டியதும் வேர்வரை உலர்த்த வேண்டும்.

* முடி மாறும் மாதங்களில் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிறகு வாரத்தில் மூன்று, நான்கு நாள் போதும். குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே காது, பாதத்தைத் தொட்டுப் பழக்கி, முடிந்ததும் பிடித்த தீனி கொடுத்தால், பின்னாளில் பிரஷைப் பார்த்து ஓடாது.

செய்யக் கூடாதவை

வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று சித்திரையில் மொட்டையடிப்பது வழக்கம். தோல் தெரிய மழித்தால் வெயில் நேரடியாகத் தாக்கும். ஓர் அங்குல அளவுக்கு விட்டுக் குறைப்பது நல்லது. உடம்பெல்லாம் சிக்கு இறுகிவிட்ட நாய்க்கு மட்டும் இதில் விலக்கு. மணிக்கணக்கில் பிய்த்து வலி கொடுப்பதைவிட, பழகியவர் கையால் மெஷினில் எடுத்துவிடுவதே கருணை. முடி திரும்ப வளரும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நாய்க்கு ஊற்றுவது இரண்டும் உயிருக்கே ஆபத்து. நாய் உடம்பை நக்கும் என்பதை மறக்கக் கூடாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இயல்பான முடி மாற்றத்தில் தோல் சுத்தமாக இருக்கும், வழுக்கை விழாது. வட்டமாக முடி கொட்டுவது, சிவப்பு, பொருக்கு, துர்நாற்றம், ஓயாத சொறிச்சல், அடிக்கடி தலையை உதறுவது இருந்தால் அது முடி மாற்றம் அல்ல. சொறிப்பூச்சியோ, பூஞ்சைத் தொற்றோ, காது நோயோ இருக்கலாம். இவற்றில் பூஞ்சைத் தொற்று, மடியில் தூக்கிக் கொஞ்சும் குழந்தைகளுக்குப் படர்தாமரையாகத் தொற்றக்கூடும். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டலாம். கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால், பக்கத்து மாவட்டத்தில் ஒரத்தநாடு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சடை நாய் வாங்கப்போகிறவர்கள், ‘முடி கொட்டுமா?’ என்று விற்பவரிடம் கேட்பதற்கு முன், ‘தினமும் பத்து நிமிடம் யார் சீவிவிடுவது?’ என்று வீட்டில் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கு ஒருவர் கை தூக்கினால், தாராளமாகக் குட்டியை அழைத்து வரலாம். யாரும் தூக்காவிட்டால், குட்டை முடி நாட்டு நாய்க்குட்டி ஒன்று உங்கள் தெருவிலேயே காத்திருக்கக்கூடும்!