எரியும் பாதத்துக்கு எண்ணெய் போதுமா?

சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்ததும் பாதம் தீயாய் எரிகிறது. நாள் முழுக்க சேஃப்டி ஷூ போட்டு நின்ற சூடு என்று நினைத்து வேப்பெண்ணெயோ விளக்கெண்ணெயோ புங்கெண்ணெயோ தடவிப் படுத்துவிடுகிறார்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை பல வீடுகளில் இதுதான் கைவைத்தியம். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு அந்த எரிச்சல், நரம்பு கெடத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்.

விரல் நுனியில் தொடங்குவது ஏன்?

ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்பும் கெடுகிறது, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடுகின்றன. கால்விரல் வரை ஓடும் நரம்புகளே உடலில் மிக நீளமானவை. முதல் அடி அவற்றுக்குத்தான். எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு என்று போய், கடைசியில் மரத்துவிடும். எரிச்சல் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உணர்வே போயிருக்கக்கூடும்.

ஆராய்ச்சி தேடிய எண்ணெய்

மருத்துவ உலகம் இதற்காக அக்கறையோடு சோதித்த தாவர எண்ணெய் ஒன்று உண்டு. அது தடவுவதற்கானது அல்ல, விழுங்குவதற்கானது. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறைய இருக்கும் லினோலெயிக் அமிலத்தை உடல் காமா லினோலெனிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. நரம்பின் உறைக்கும் அதன் ரத்த ஓட்டத்துக்கும் இது தேவை. சர்க்கரை நோயில் இந்த மாற்றம் மந்தமாகிவிடுகிறது. அதனால் நல்லெண்ணெயைக் கூடுதலாகச் சாப்பிட்டுப் பயனில்லை. ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற மலர்ச்செடியின் விதை எண்ணெயிலோ அந்த அமிலம் நேரடியாகவே இருக்கிறது.

1993இல் வெளியான ஆய்வில், லேசான நரம்புப் பாதிப்புள்ள 111 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினம் 480 மில்லிகிராம் காமா லினோலெனிக் அமிலமும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் ஓராண்டு கொடுத்தார்கள். அளந்த 16 அம்சங்களில் 13இல் அமிலம் சாப்பிட்டவர்களுக்குத் தெளிவான முன்னேற்றம். அதிலும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்களுக்கே பலன் கூடுதல். என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வில் நாம் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நம்பிக்கை தந்தாலும், இந்த எண்ணெய் இன்றும் நரம்புப் பாதிப்புக்கான வழக்கமான சிகிச்சையாகவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கவே கூடாது.

மிளகாய் தந்த மருந்து

செடியிலிருந்து வந்து சிகிச்சையில் இடம்பிடித்தது மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின். அது 8 சதவீதம் கொண்ட பட்டையைப் பாதத்தில் ஒட்டும் முறைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதி தந்தது. மருத்துவப் பணியாளர் மேற்பார்வையில் அரைமணி நேரம்தான் ஒட்ட வேண்டும். குறைவது வலிதான், கெட்ட நரம்பு மீளாது. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசினால் தோல் வெந்துவிடும்.

சூடு தெரியாத கால்

எனக்குப் பெரிய பயம் காய்ச்சிய எண்ணெய்தான். மரத்த காலுக்குச் சூடு உறைக்காது. எண்ணெயும் வெந்நீர் ஒத்தடமும் கொப்பளம் போட்டபின்தான் தெரியவரும், அந்தக் கொப்பளமே ஆறாத புண்ணாகும். வறண்ட பாதத்தில் வெடிப்பு வராமலிருக்க ஆறிய எண்ணெயை மெல்லத் தடவலாம். விரலிடுக்கில் வேண்டாம், அங்கே ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். ஷூவை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இரும்புத் துகளோ கல்லோ கிடந்தால் காலுக்குத் தெரியாது.

எங்கே காட்டுவது?

வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் கால் எரிச்சலையும் சொல்லுங்கள். மருத்துவமனையில் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வலிக்காது, சில நிமிடம்தான். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த மருந்தால் பி12 குறையலாம். அந்தக் குறைவாலும் இதே எரிச்சலும் மரப்பும் வரும். காலத்தோடு கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ அதைச் சரிசெய்ய முடியும்.