ஃபிரீ (ஆங்கிலச் சொல்)

ஃபிரீ என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல் ஆகும். விடுதலை பெற்ற, விலையில்லாத, ஓய்வாக உள்ள, காலியான, தடையற்ற எனப் பல பொருள்களை இது தருகின்றது. இவற்றுள் விடுதலை, விலையின்மை ஆகிய இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது கணிமைத் துறையில் நீண்டகாலக் குழப்பம் ஒன்றுக்குக் காரணமாகியது. தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. எனினும் மொழிபெயர்ப்பின் வழியே அக்குழப்பம் தமிழுக்கும் வந்து சேர்ந்துள்ளது.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முன்வடிவம் 'அடிமை அல்லாத' என்று பொருள்பட்டது. அன்பு செலுத்துதலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து இது பிறந்ததாக மொழியியலாளர் கூறுவர். நண்பரைக் குறிக்கும் 'ஃபிரெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும், 'பிரிய' என்னும் வடசொல்லும் அதே வேரைச் சேர்ந்தவை. வீட்டில் அன்புக்குரிய உறவினரை அடிமைகளிடமிருந்து பிரித்துக் காட்ட எழுந்த வழக்கு இது என்பது பொதுவான விளக்கம். 'விலை கொடுக்காமல்' என்னும் பொருள் பிற்காலத்தது.

பொருள்கள்

இச்சொல் ஏதோ ஒன்று இல்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. எது இல்லை என்பதைச் சூழலே தெரிவிக்க வேண்டும். இருக்கை ஃபிரீ என்றால் அதில் ஆள் இல்லை. ஒருவர் ஃபிரீ என்றால் அவருக்கு அப்போது வேலை இல்லை. 'சுகர் ஃபிரீ' என்று அச்சிட்ட பிஸ்கட்டில் இல்லாதது சர்க்கரை; விலை உண்டு, பெரும்பாலும் கூடுதலாகவே உண்டு. 'டியூட்டி ஃபிரீ' கடையில் இல்லாதது வரி. 'டோல் ஃபிரீ' எண்ணில் அழைப்பவருக்குக் கட்டணம் இல்லை. அதை அழைக்கப்படும் நிறுவனம் செலுத்துகிறது. இயற்பியலில் 'ஃபிரீ ஃபால்' எனப்படும் தடையிலா வீழ்ச்சியில் புவியீர்ப்பைத் தவிர வேறு விசை இல்லை.

'ஃபிரீலான்சர்' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. வால்டர் ஸ்காட் 1819 இல் வெளியிட்ட ஐவன்ஹோ புதினத்தில், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத கூலிப்படை வீரர்களை 'ஃபிரீ லான்ஸ்' என்று அழைத்தார். லான்ஸ் என்பது ஈட்டி. அவ்வீரரின் ஈட்டிக்கு எசமானர் இல்லையே தவிர, விலை இருந்தது. இன்றைய ஃபிரீலான்சர்களிடம் இலவசமாக வேலை கேட்போர் இதனைக் கவனிக்கலாம்.

கணிமையில்

சி நிரல்மொழியில் ஃபிரீ என்னும் செயற்கூறு, நிரல் கேட்டுப் பெற்ற நினைவகத்தைத் திருப்பி ஒப்படைக்கிறது. லினக்சில் இதே பெயரில் ஓர் ஆணை உள்ளது. அதன் 'ஃபிரீ' நிரலில் தெரியும் எண் சிறியதாக இருப்பதைக் கண்டு மாணவர்கள் நினைவகம் தீர்ந்துவிட்டதாக எண்ணுவதுண்டு. அது அப்போது எதற்கும் பயன்படாமல் இருக்கும் அளவு மட்டுமே. லினக்ஸ் எஞ்சிய நினைவகத்தைக் கோப்புகளின் தற்காலிகப் படிகளுக்குப் பயன்படுத்தி, தேவைப்படும்போது விடுவித்துத் தரும்.

பெருங்குழப்பம் 'ஃபிரீ சாப்ட்வேர்' என்னும் தொடரில் ஏற்பட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். அவர் கருதியது பயனரின் உரிமையை. மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்குதல், அது செயற்படும் விதத்தை ஆராய்ந்து மாற்றுதல், பிறருக்குப் படியெடுத்துத் தருதல், மாற்றிய வடிவத்தைப் பரப்புதல் ஆகியன அவ்வுரிமைகள். (நிரலாளர் வழக்கப்படி இவை 0 முதல் 3 வரை எண்ணிடப்பட்டுள்ளன.) மூல நிரல் கிடைக்காவிடில் 1 ஆம், 3 ஆம் உரிமைகளுக்குப் பொருளில்லை.

இவற்றில் விலை பற்றி எதுவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்டால்மன் தாமே ஈமாக்ஸ் தொகுப்பியை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வாங்கியவர் அதைப் படியெடுத்து எவருக்கும் தரலாம். மாறாக, விலையின்றிக் கிடைத்தும் மூல நிரலோ மாற்றும் உரிமையோ தராத மென்பொருள்கள் பல உள்ளன. இவை 'ஃபிரீவேர்' எனப்படும். பேச்சுரிமையில் வரும் ஃபிரீயைக் கருதுக, விருந்தில் தரும் ஃபிரீ பியரை அல்ல என்று ஸ்டால்மன் விளக்கி வந்தார். விளக்கம் பரவியது, குழப்பம் நீங்கவில்லை. 1998 பிப்ரவரியில் கிறிஸ்டின் பீட்டர்சன் 'ஓப்பன் சோர்ஸ்' என்னும் மாற்றுப் பெயரை முன்மொழிந்தமைக்கு இக்குழப்பமும் ஒரு காரணம். அப்பெயரும் குறையற்றதன்று, மூல நிரலைப் பார்க்க முடிந்தாலே போதும் என எண்ண வைக்கிறது.

பிரெஞ்சு மொழியில் உரிமைக்கு 'லீப்ர', விலையின்மைக்கு 'கிராத்துயி' என இரு சொற்கள் இருப்பதால் இச்சிக்கல் எழுவதில்லை. 2010 இல் தோன்றிய லிப்ரேஆபிஸ் தன் பெயரில் முதற்சொல்லையே ஏற்றது. செருமானியம் இடைநிலையில் நிற்கிறது. அதன் 'ஃப்ரை' பெரும்பாலும் விடுதலையைக் குறித்தாலும், இலவச பியர் அங்கும் 'ஃப்ரைபியர்' தான்.

தமிழில்

விலையின்மைக்கு இலவசம் என்னும் சொல்லும், உரிமைக்கு விடுதலை, சுதந்திரம் ஆகிய சொற்களும் தமிழில் ஏற்கனவே உள்ளன. ஆயினும் 'ஃபிரீ சாப்ட்வேர்' பலவிடங்களில் 'இலவச மென்பொருள்' என்றே பெயர்க்கப்படுகிறது. இது வெறும் சொல் தேர்வுச் சிக்கல் அன்று. இலவசம் என்று படித்த மாணவர், தமக்கு ஒரு பொருள் அன்பளிப்பாகக் கிடைத்ததாக எண்ணுவார். அதைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், தமிழாக்கிப் பரப்பவும் தமக்கு உரிமை உண்டு என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

இதனைத் தவிர்க்கவே கட்டு, அற்ற என்னும் சொற்களைச் சேர்த்து 'கட்டற்ற' என்னும் சொல் ஆளப்பட்டது. விக்கிப்பீடியாவும் தமிழில் கட்டற்ற கலைக்களஞ்சியம் எனப்படுகிறது. இதனைக் 'கட்டணமற்ற' என்று பிழையாக வாசிப்பவரும் உண்டு. கட்டற்ற என்பதால் நிபந்தனையே இல்லை என்பதும் தவறு. விக்கிப்பீடியாவின் உரையை எவரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியோரைக் குறிப்பிட வேண்டும். மாற்றி வெளியிடுவதை அதே உரிமத்தில் பகிர வேண்டும்.

பேச்சுத் தமிழில் ஃபிரீ பெற்றுள்ள பொருள்களுள் ஒன்று ஆங்கிலத்தில் இல்லாதது. 'ஃபிரீயா விடு' என்றால், நடந்ததைப் பெரிதுபடுத்தாதே, மறந்துவிடு என்பதாகும்.