காற்றும் பாலமும்

அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலத்தில், டக்கோமா நகரருகே, குறுகிய நீரிணையொன்றின்மீது தொங்கு பாலம் ஒன்று 1940ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திறக்கப்பெற்றது. அதன் நடுக்கண்ணின் நீளம் 2800 அடி. பக்க விட்டங்களின் உயரமோ 8 அடியே. காற்று சீராகத் தள்ளும் விசையைப் பொறியாளர் கணக்கிட்டே இருந்தனர். எனினும், அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 40 மைல் விரைவில் வீசிய காற்றிற்கே அப்பாலம் முறுகி முறுகி ஆடி இற்று வீழ்ந்தது. வீசியது சூறாவளியும் அன்று!

நிகழ்ந்தது இதுவே: காற்று பாலத்தை அசைத்தது, அசைந்த பாலம் தன்னைச் சூழ்ந்த காற்றின் போக்கை மாற்றியது, மாறிய காற்று பாலத்தை முன்னினும் மிகுதியாக முறுக்கியது. காற்றைத் தனியே ஆராய்ந்தாலும் எஃகைத் தனியே ஆராய்ந்தாலும் இவ்வுறவு புலப்படாது. இருவர் வழக்கை ஒருவர் சொல் மட்டும் கேட்டுத் தீர்த்தல் முறையாகுமோ?

இந்நாளில் இத்தகைய கூட்டுவினைகளைக் கணினியில் நிகழ்த்திக் காண்கின்றனர். பாலத்தையும் சுற்றியுள்ள காற்றையும் எண்ணற்ற சிறு கூறுகளாகப் பகுப்பர். காலத்தையும் நொடியின் சிறு பகுதிகளாகப் பகுப்பர். ஒவ்வொரு பகுதியிலும் காற்றின் அழுத்தம் எஃகின் கணக்கிலும், எஃகின் வளைவு காற்றின் கணக்கிலும் சேர்க்கப்படும். வெப்பமும் மின்னோட்டமும் கலந்த சிக்கல்களையும் இவ்வாறே தீர்ப்பர்.

ஆயினும், கணினியின் விடையை அறிஞர் அப்படியே ஏற்பதில்லை. காற்றுச் சுரங்கத்தில் சிற்றுருவத்தை வைத்து ஒப்பிடுவர். வீழ்ந்த பாலத்தின் இடத்தில் 1950இல் எழுந்த புதிய பாலம், கணினியின் துணையின்றி, அத்தகைய சிற்றுருவங்களால் ஆராய்ந்து கட்டப்பெற்றதே. அஃது இன்றும் வண்டிகளைச் சுமந்து நிற்கின்றது.