சூரியகாந்தி இனப்பெருக்க வரிசைகளில் மரபியல் பன்மை

சூரியகாந்தி இனப்பெருக்க வரிசைகளில் மரபியல் பன்மை என்பது, வீரிய ஒட்டு விதை உருவாக்கப் பெற்றோராகப் பயன்படும் தூய வரிசைகளுக்கு இடையே உள்ள மரபணு வேறுபாட்டைக் குறிக்கும். இவ்வேறுபாடு இரண்டு வகையில் பயன்படுகிறது. மரபியல் முறையில் விலகிய பெற்றோரைக் கலக்கும்போது வீரியம் கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். புதிய நோய் ஒன்று பரவினால், அதைத் தாங்கும் மரபணு ஏதேனும் ஒரு வரிசையில் கிடைக்கவும் கூடும். இந்தியாவில் இப்பயிரின் மரபியல் அடித்தளம் குறுகியதாக இருப்பதால் இது முக்கிய ஆய்வுப் பொருளாக உள்ளது.

வரிசைகளும் வீரிய ஒட்டும்

சூரியகாந்தி (எலியாந்தசு அன்னுவசு) அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். 17 இணைக் குரோமோசோம்கள் கொண்டது. பூக்கொண்டையைப் பையால் மூடி, பல தலைமுறைகள் தன் மகரந்தச் சேர்க்கை செய்தால் சீரான தூய வரிசை கிடைக்கும். இதில் செடியின் வீரியம் குறையும். வேறுபட்ட இரு தூய வரிசைகளைக் கலக்கும்போது வீரியம் மீண்டும் வெளிப்படுகிறது.

ஒரே பூக்கொண்டையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் இருப்பதால், கையால் மகரந்தப் பைகளை நீக்கிக் கலப்பு விதையைப் பெருமளவில் உற்பத்தி செய்ய இயலாது. 1969-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லெக்லர்க், எலியாந்தசு பெட்டியோலாரிசு என்ற காட்டு இனத்தைப் பயிருடன் கலந்து, சைட்டோபிளாச வழி ஆண் மலட்டுத்தன்மையைக் கண்டறிந்தார். இந்தச் சைட்டோபிளாசம் 'பெட்-1' எனப்படுகிறது. மலட்டுப் பெண் வரிசை, அதைப் பேணும் வரிசை, வளத்தை மீட்கும் ஆண் வரிசை ஆகிய மூன்றும் இம்முறைக்குத் தேவை.

இந்தியாவில் குறுகிய அடித்தளம்

இந்தியாவில் எண்ணெய்ப் பயிராகச் சூரியகாந்தி 1969-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தது. பெரெதோவிக் முதலிய சில இரகங்களே அப்போது பயிரிடப்பட்டன. 1980-இல் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பிஎஸ்எச்-1 என்ற வீரிய ஒட்டு வெளியானது. அதன் பெற்றோர் சிஎம்எஸ் 234ஏ, ஆர்எச்ஏ 274 ஆகியவை; இரண்டும் அமெரிக்க வரிசைகளிலிருந்து வந்தவை. பின்னர் பரவலாகப் பயிரிடப்பட்ட கேபிஎஸ்எச்-1 ஒட்டுக்கும் அதே 234ஏ தான் பெண் வரிசை. ஒட்டின் பெயர் மாறினாலும் தாய் மாறவில்லை.

ஒரே சைட்டோபிளாசத்தின் ஆபத்து

உலகில் வணிக நோக்கில் விற்கப்படும் சூரியகாந்தி ஒட்டுகள் ஏறக்குறைய அனைத்தும் பெட்-1 சைட்டோபிளாசத்தையே கொண்டவை. மலட்டுத்தன்மைக்குக் காரணமான மரபணு மைட்டோகாண்டிரியாவில் உள்ளது. மைட்டோகாண்டிரியா தாய் வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. ஆகவே ஆண் வரிசையை எத்தனை முறை மாற்றினாலும் சைட்டோபிளாசம் மாறுவதில்லை.

இதில் உள்ள ஆபத்தை மக்காச்சோளம் ஏற்கெனவே காட்டியுள்ளது. அமெரிக்க மக்காச்சோள ஒட்டுகளில் பெரும்பாலானவை 'டெக்சாசு' என்ற ஒரே ஆண் மலட்டுச் சைட்டோபிளாசம் கொண்டிருந்தன. 1970-இல் இலைக்கருகல் பூஞ்சையின் ஒரு வகை, அச்சைட்டோபிளாசத்தின் மைட்டோகாண்டிரியாவைத் தாக்கும் நச்சைச் சுரந்தது. அந்நாட்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு அழிந்தது. பெட்-1 சைட்டோபிளாசத்திற்கு இதுவரை அத்தகைய பேரழிவு நேரவில்லை. ஆயினும் மாற்றுச் சைட்டோபிளாசங்களும் அவற்றுக்குரிய வள மீட்பு வரிசைகளும் தேவை.

பன்மையை அளவிடல்

இந்தியாவில் பரவலாகப் பயன்படும் முறை, பி. சி. மகலனோபிசு 1936-இல் வெளியிட்ட 'டி-வர்க்கம்' என்ற புள்ளியியல் தொலைவு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண்புலம் போன்ற இடங்களில் பயிர் இனப்பெருக்க மாணவர்கள் இம்முறையைக் கற்கின்றனர். பூக்கும் நாள், செடியின் உயரம், பூக்கொண்டை விட்டம், 100 விதை எடை, எண்ணெய்ச் சத்து, விளைச்சல் ஆகியவற்றை அளந்து, வரிசைகளைத் தொகுதிகளாகப் பிரிப்பர். தொலைவில் உள்ள தொகுதிகளிலிருந்து பெற்றோரைத் தேர்வர்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவை என்பதால் மட்டும் வரிசைகள் மரபியல் முறையில் விலகியவை ஆகா. ஒரே மூதாதையிலிருந்து அவை பிரிந்திருக்கலாம். மேலும், உயரமும் விளைச்சலும் மண், மழை, உரம் ஆகியவற்றால் மாறும். ஆகவே சூழலால் மாறாத டி.என்.ஏ. குறிப்பான்களும் உடன் பயன்படுத்தப்படுகின்றன.

காட்டு இனங்களின் பங்கு

வட அமெரிக்காவில் எலியாந்தசு பேரினத்தைச் சேர்ந்த சுமார் 50 இனங்கள் உள்ளன. அடிச்சாம்பல் நோய்க்கும் துரு நோய்க்கும் எதிர்ப்பு தரும் பல மரபணுக்கள் இக்காட்டு இனங்களிலிருந்தே பயிருக்கு வந்தன. 1997-இல் கர்நாடகத்தின் பாகேபள்ளிப் பகுதியில் நசிவு நோய் என்ற நச்சுயிரி நோய் காணப்பட்டு, பின்னர் தென்மாநிலங்களுக்குப் பரவியது. இதற்கு உறுதியான எதிர்ப்புள்ள பயிர் வரிசைகள் அரிதாக இருந்ததால், காட்டு இனங்களிலும் எதிர்ப்புத் தேடப்பட்டது.

1990-களின் முற்பகுதியில் 20 லட்சம் எக்டேருக்கு மேல் இருந்த இந்தியச் சூரியகாந்திப் பரப்பு, இன்று சில லட்சம் எக்டேராகச் சுருங்கியுள்ளது. இதற்கு விலை, இறக்குமதி எனப் பல காரணங்கள் உண்டு. நோய்களும் அவற்றுள் அடங்கும். நல்ல வீரிய ஒட்டு வயலில் சில ஆண்டுகள் நிற்கும். அதற்கு அடுத்ததை உருவாக்க, இன்று எவரும் பயிரிடாத வரிசைகளும் விதை வங்கியில் உயிருடன் இருக்க வேண்டும்.