திருக்கைத் தோலும் தேக்குப் பெட்டியும்

பல்லாவரத்தைத் தாண்டினால் வரும் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே தோல்தான். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோமிய உப்பால் தோல் பதனிட்டுச் சோதித்துப் பார்த்த சில ஆண்டுகளில், 1912-இல், சேம்பர்ஸ் என்பவர் இங்கே குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். ஆவாரம்பட்டை ஊறலில் வாரக்கணக்கில் கிடந்த தோல் சீக்கிரமே பதமாகத் தொடங்கியது. அன்றிலிருந்து தாம்பரம் வரைக்கும் நல்ல தோல் என்றால் மெத்தென்று மடங்க வேண்டும். அந்த ஒரே அளவுகோலால்தான் இன்னொரு தோலைக் குப்பையில் போடுகிறோம் என்பது என் வாதம். குழம்புக்கு வாங்கும் திருக்கையின் மேல் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எறிகிறோமே, அந்தத் தோல்.

அதை விரலால் தடவிப் பார்த்தால் தோலென்றே தோன்றாது. நெருக்கி அடுக்கிய கடுகு மாதிரி இருக்கும். நடுமுதுகில் மட்டும் மணிகள் பெரிதாகி முத்தாகத் திரளும். ஒவ்வொரு மணியும் நம் பல்லைப் போன்ற பொருளால் ஆனது. கத்தி சீக்கிரம் மழுங்குவது அதனால்தான். ஜப்பானியர் வாள்பிடியில் இதைச் சுற்றினார்கள், ஈரக்கை வழுக்காது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்தில் கலூஷா என்ற கைவினைஞர் மணிகளைத் தேய்த்துச் சமமாக்கிப் பெட்டிகளுக்குப் போர்த்தினார். பிரெஞ்சில் இந்தத் தோலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் ஷாக்ரீன். அந்தச் சொல் முதலில் குறித்தது குதிரை, கழுதைகளின் பின்புறத் தோலை. ஈரத்தோலில் விதைகளை அழுத்திச் சொரசொரப்பாக்குவார்களாம். திருக்கைக்கு அந்தச் சிரமமே இல்லை, மணி அதன் தோலிலேயே வளர்கிறது.

திருக்கை குறைந்துவருகிறதே, தோலுக்கும் விலை வைத்தால் மிச்சமிருப்பதையும் பிடித்துவிட மாட்டார்களா என்று கேட்பவர்களை என்னால் எளிதாக ஒதுக்க முடியவில்லை. பல மீன்கள் முட்டைகளை ஆயிரக்கணக்கில் இடும்போது, திருக்கை சில குட்டிகளைத்தான் ஈனும். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவற்றில் முள் அடர்ந்த ஒரு திருக்கையும் உண்டு. ஒரு காலத்தில் கேடயத்துக்குப் போர்த்தியது அதன் தோலைத்தான். 2022 திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டது. ஆகவே தோலுக்கென்று பிடிப்பது கூடவே கூடாது. சட்டம் தடுக்காத வகையை, அதுவும் கறிக்கு வந்ததை மட்டும், மீன் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும் கரையிலேயே அடையாளம் பார்த்து உரிக்க வேண்டும். அப்படிச் செய்தால் இந்தத் தோல் போர்த்திய தேக்குப் பெட்டிகள் வருஷத்துக்குச் சிலதான் தேறும். ஏற்றுமதிக் கனவு காண்பவர்களுக்கு இது ஏமாற்றம், எனக்கு இல்லை.

குரோமிலேயே பதனிட்டால் வேலை சுலபமாகாதா? ஆகும், பர்ஸுக்கு. தாய்லாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். பெட்டிக்கு வளையும் தோல் எதற்கு? பழைய முறையில் பச்சைத் தோலை உலர்த்தி, மறுபடி ஊறவைத்து, வஜ்ரம் தடவிய மரத்தின் மேல் இழுத்துக் கட்டிவிடுவார்கள். காயும்போது தோல் சுருங்கும், மூலையில் இணைப்பு விலகப் பார்க்கும். அதனால்தான் பழைய பெட்டிகளில் விளிம்புக்குத் தந்தப் பட்டை வைத்தார்கள். இன்று எலும்போ வேங்கை மரமோ போதும். குரோமியக் கழிவு கிடையாது, பல்லாவரத்துக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். தச்சருக்கும் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவருக்கும் இதில் புதிதாக இருப்பது ஒன்றே ஒன்று: உப்புத்தாளை எப்போது நிறுத்துவது என்பது. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் மணி உதிர்ந்து குழி விழும். சரியாக நிறுத்திவிட்டுப் பச்சைச் சாயம் பூசினால், அது இடுக்குகளில் மட்டும் இறங்கி, மணிகள் வெள்ளையாகவே நிற்கும்.