மண் சரியும் முன்னே

பெங்களூரிலிருந்து மங்களூருக்கு இரயிலில் சென்றுவந்த அன்பர்கள், சக்லேஷ்பூரைக் கடந்ததும் வண்டி மலையிறங்கும் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடு ஸ்டேஷனுக்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அதற்குள் 57 குகைப்பாதைகள். 50 அடி சென்றால் ஓரடி இறங்கும் சரிவு. இப்பாதையில் எடகுமேரிக்கும் கடகரவள்ளிக்கும் நடுவே, 2024 ஜூலை 26-ஆம் நாள், அடைமழையில் தண்டவாளத்தைத் தாங்கிய மண்கரை சரிந்தது. பயணிகள் வண்டிகள் மீண்டும் ஓட ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆயின. 2018 ஆகஸ்டிலும் இதே மலைப்பாதை பல இடங்களில் சரிந்து போக்குவரத்து நின்றதுண்டு.

மழை பெய்தது, மண் சரிந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மழை ஆண்டுதோறும் பெய்கிறது. ஆனால் எல்லாக் கரைகளும் சரிவதில்லை. இதன் காரணத்தை அறிந்துகொள்வது இரயில்வேக்காரருக்கு மட்டுமன்றி, நம் குடும்பங்கள் அனைத்துக்கும் பயன்தருவதாகும்.

உலர்ந்த மணலைக் குவித்தால் அது ஓரளவு சாய்வில்தான் நிற்கும். அதற்குமேல் செங்குத்தாக நிறுத்த முயன்றால் வழிந்துவிடும். மணலுக்கு மணல் உராயும் பிடிப்பே அதைத் தாங்குகிறது. அதே மணலைச் சிறிது ஈரமாக்கினால் சிறுவர்கள் வீடு கட்டுகிறார்கள். நீரை இன்னும் ஊற்றினால் அவ்வீடு கரைந்து விழுகிறது. சிறு ஈரம் மண்ணைப் பிணைக்கிறது. மிகுந்த நீரோ பிரிக்கிறது. மண்ணின் இடுக்குகளில் நிறைந்த நீர் மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தான் ஏந்திக்கொள்வதால், மணிகள் ஒன்றையொன்று அழுத்துவது குறைந்து பிடிப்பு தளர்கிறது. இவ்வுண்மையை 1920-களில் கணக்கிட்டுக் காட்டியவர் கார்ல் டெர்சாகி என்னும் அறிஞர். நீரால் மண்ணின் எடையும் கூடுகிறது. ஆக, தள்ளும் விசை வளர்கிறது. தாங்கும் விசை தேய்கிறது.

இக்கணக்கை முறைப்படுத்தியதில் இரயில்வேக்குப் பெரும்பங்கு உண்டு. சுவீடன் நாட்டு அரசு இரயில்வே, மண்சரிவுகளை ஆராய 1913-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குழுவை நியமித்தது. வோல்மார் ஃபெலேனியஸ் அதன் தலைவர். குழு பணியாற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1918 அக்டோபர் 1-ஆம் நாள் யேட்டோ என்னுமிடத்தில் கரை சரிந்து வண்டி கவிழ்ந்ததில் 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1922-இல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. களிமண் கரை பெரும்பாலும் வட்டத்தின் வில்லைப் போன்ற வளைவில் நழுவுவதைச் சுவீடன் பொறியியலார் கண்டனர். நழுவக்கூடிய அப்பகுதியைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் பிடிப்பையும் கூட்டிப் பார்க்கும் முறை அவர்களால் உருவாயிற்று. இது வரவுசெலவுக் கணக்கைப் போன்றதே. தள்ளும் விசை 100 எனில் தாங்கும் விசை 140 அல்லது 150 இருக்கவேண்டும் என்பது வழக்கம். இரண்டும் சமமானால் கரை வீழும் தறுவாயில் உள்ளதென்று பொருள்.

பரிகாரங்களும் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றன. சரிவைக் குறைத்தலும், படிப்படியாக வெட்டுதலும் தள்ளும் விசையைத் தணிக்கும். அடிவாரத்தில் சுவர் எழுப்புதலும், எடகுமேரிப் பக்கத்தில் செய்ததுபோல் கம்பிவலைக் கூண்டுகளில் கற்களை நிரப்பி அடுக்குதலும் தாங்கும் விசையைக் கூட்டும். கூண்டுக் கற்களின் இடையே நீர் வடிந்துவிடுவதும் ஒரு நன்மை. நம் வெட்டிவேர் மேல்மண்ணைக் கவ்விப் பிடிப்பதில் கைதேர்ந்தது; உலகோர் அதற்கு வழங்கும் பெயரும் நம் தமிழ்ச்சொல்லே. ஆயினும் ஆழத்தில் நழுவும் கரையை வேரால் மட்டும் நிறுத்த இயலாது. எல்லாவற்றுக்கும் முதன்மையானது, மேலே வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுதலும், உட்புகுந்த நீருக்கு வடிகால் அமைத்தலுமே.

இனி நம் ஊருக்கு வருவோம். பெங்களூரில் உயர்ந்த கட்டடம் எழுவதற்குமுன் ஆழ்ந்த பள்ளம் தோண்டப்படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்த நம் மக்கள் பலர் அப்பள்ளங்களில் இறங்கி உழைக்கிறார்கள். இவ்வூர்ச் செம்மண் கோடையில் சுவர்போல் செங்குத்தாக நிற்கும். அவ்வுறுதி சிறுவர் கட்டிய மணல் வீட்டின் உறுதியே. ஒரு மாலை மழை போதும், அது கரைந்துவிடும். ஒரு கனமீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 டன் எடையுள்ளது. மார்பளவு புதைந்தவருக்கும் மூச்சு நின்றுபோகலாம்.

ஆகவே, ஆளுயரத்துக்கு ஆழ்ந்த பள்ளமாயின் பக்கங்களைச் சாய்த்தோ, படியாக வெட்டியோ, பலகையும் முட்டும் கொடுத்தோ இருக்கவேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்கலாகாது. லாரியையும் அங்கே நிறுத்தலாகாது. விளிம்பை ஒட்டி நீளவாட்டில் வெடிப்புக் கண்டாலும், பக்கத்துக் கம்பமோ மதிலோ சாய்ந்தாலும், அடியில் கலங்கல் நீர் கசிந்தாலும் உடனே மேலேறிவிடவேண்டும். மழைக்கு மறுநாள் காலையில், தகுந்தவர் பார்த்துச் சொல்லுமுன் ஒருவரும் இறங்கலாகாது.

மேஸ்திரியிடம் இதைக் கேட்பது அச்சத்தாலன்று. கேட்பது தொழிலாளியின் உரிமை. ஒருநாள் கூலி போனால் மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். எழுத்தறியாத உறவினர்க்கு இதனை வீட்டிலுள்ள பிள்ளைகள் படித்துக் காட்டுவார்களாக.